வலது முன் டயரும் நிர்ணய எடையாளரும்

ஸ்போர்ட்ஸ் கார் சக்கர நேர்ப்பாட்டு வாரியத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். நகரத்தில் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்கள் நாற்பத்தொன்று. ஒரு காருக்கு ஐந்து பேருக்கு மேல் வருகிறதே என்று யாராவது வாயைத் திறந்தால், ஸ்டெப்னியோடு சேர்த்து ஒரு காருக்கு ஐந்து சக்கரங்கள் என்பதை வாரியம் பொறுமையாக நினைவூட்டும். மிச்சமுள்ள ஏழு பேர் எதற்கு என்று கேட்டால், அவர்கள்தான் மற்றவர்களைக் கண்காணிக்கிறார்கள் என்று பதில் தயாராக இருந்தது. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னியே கிடையாது என்பது அந்த வாரியத்தில் மெக்கானிக் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். அவரிடம் யாரும் கேட்டதில்லை.

வாரியத்தின் வேலை இதுதான். ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிற வண்டி. சக்கரம் மயிரிழை கோணினாலும் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து போகும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு காரையும் வாரியத்தின் மேடையில் ஏற்றி, நான்கு சக்கரங்களின் சாய்மானத்தையும் இயந்திரத்தால் அளந்து, கோணலைத் திருத்தி, பச்சைத் தாள் கொடுக்க வேண்டும். பச்சைத் தாள் இல்லாத கார் தெருவில் இறங்கக் கூடாது.

ஓட்டுகிற ஆள் உள்ளே உட்கார்ந்தால் வண்டி கொஞ்சம் அமுங்கும். அமுங்கினால் சக்கரத்தின் சாய்மானம் மாறும். ஆகவே அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் எழுபத்தைந்து கிலோ இருக்க வேண்டும் என்றது விதி. மற்ற ஊர்களில் இதற்கு ஒரு மணல் மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். வாரியத்தின் முதல் தலைவருக்கு மூட்டையின் மேல் நம்பிக்கை வரவில்லை. மூட்டைக்கு மெமோ கொடுக்க முடியுமா, கொடுத்தால் அது கையெழுத்துப் போட்டு வாங்குமா என்று அவர் கேட்டார். கூட்டத்தில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கே 'நிர்ணய எடையாளர்' என்ற பதவி உருவாயிற்று.

அந்தப் பதவியில் இருபது வருடங்களாக இருந்தவரை எல்லோரும் எடைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய வேலை உட்காருவது. காலை எட்டு மணிக்குத் தராசில் ஏறி இறங்கி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பிறகு அன்றைக்கு வந்த காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்க்க வேண்டும். இயந்திரம் அளக்கும் நேரத்தில் பெருமூச்சு விடக் கூடாது. வெளியூரிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் தலைவர் அவரைத் தோளில் தட்டிக் காட்டி, இந்த நாட்டில் உண்மையான எழுபத்தைந்து கிலோ இது ஒன்றுதான் என்பார். வந்தவர்கள் கை குலுக்கிவிட்டுப் போவார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எடைக்காரரின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அதிலிருந்து எழுந்திருக்கவில்லை. எடைக்காரர் பத்து நாள் விடுப்பு எடுத்தார். அந்தப் பத்து நாளில் யார் யாரோ நீட்டிய காகிதங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அழுகை வரவில்லை. வரும் வரும் என்று மகள் பக்கத்திலேயே இருந்து பார்த்தாள், வரவில்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. பதினோராம் நாள் எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

ஒன்றே ஒன்றுதான் அவருக்கு வித்தியாசமாகத் தெரிந்தது. காரில் ஏறி உட்கார்ந்தால் உலகம் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அதிகமில்லை, கொஞ்சம்தான். மனைவி போனவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். இதையெல்லாம் போய் யாரிடம் கேட்பது என்று சும்மா இருந்துவிட்டார்.

உடம்பு இளைத்தது. சட்டை தொளதொளத்தது, பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்தது. மகள் இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். வேலைக்குப் போகுமுன் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவாள், சாயங்காலம் வந்து பார்த்தால் மூடி திறக்காமல் இருக்கும். வாரியத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கக் கூடாதென்று இல்லை. பதிவேட்டில் எடை என்ற கட்டத்தில் எழுபத்தைந்து என்று அச்சகத்திலேயே அச்சடித்து வந்துவிடும், தினமும் எழுதுகிற சிரமம் வேண்டாமென்று ஒரு பழைய தலைவர் செய்த ஏற்பாடு. தராசு என்ன காட்டினாலும் கையெழுத்து எழுபத்தைந்துக்குப் பக்கத்தில்தான் விழும்.

டயர்கள்தான் முதலில் காட்டிக்கொடுத்தன. ஒரு காரில், பிறகு ஏழு காரில், பிறகு எல்லாக் காரிலும் வலது முன் டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கைத் தலையாகத் தேய்ந்து கம்பி தெரிந்தது. வெளிவிளிம்பு கடையில் வாங்கின மாதிரி புத்தம் புதிதாக இருந்தது. வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு டயர் நன்றாக இருப்பதாகவே தோன்றும். குனிந்து உள்பக்கம் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் குனிகிற ஆட்கள் இல்லை. ஆகவே ஒரு மழை நாளில் பெரிய மனிதர் ஒருவரின் பிள்ளை திருப்பத்தில் திரும்பாமல் நேராகச் செருப்புக் கடைக்குள் போனபோதுதான் விஷயம் வாரியத்துக்கு வந்தது. நல்ல வேளையாகக் கடையில் யாரும் இல்லை. பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவன் காலில் ஒரு செருப்பு கூடுதலாக இருந்தது என்பதைத் தவிர.

வாரியம் விசாரணைக் குழு அமைத்தது. குழு முதலில் டயர்களைச் சந்தேகப்பட்டது. நாற்பத்தொரு டயர்களையும் கழற்றி வரவழைத்து, வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தது. பிறகு சாலைகளைச் சந்தேகப்பட்டது. உள்விளிம்பை மட்டும் தேய்க்கக்கூடிய சாலை எங்கே இருக்கிறது என்று தேடி நான்கு பேர் மலைவாசஸ்தலத்துக்குப் போய் ஒரு வாரம் தங்கினார்கள். அங்கே கிடைக்கவில்லை. இயந்திரத்தைச் சந்தேகப்பட வழியில்லை, அதற்குச் சான்றிதழ் இருந்தது. கடைசியில் விசாரணை அதிகாரிதான் முடிச்சை அவிழ்த்தார். தேய்ந்தது வலது டயர். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். அந்த இருக்கையில் உட்காருகிறவர் யார் என்று அவர் கேட்டதும் குழுவில் எல்லோரும் பென்சிலைக் கீழே வைத்தார்கள்.

எடைக்காரரைத் தராசில் ஏற்றினார்கள். முள் அறுபத்தெட்டில் நின்றது. இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார்கள். அறுபத்தெட்டு.

"மிச்சம் ஏழு கிலோ எங்கே?" என்றார் விசாரணை அதிகாரி.

"தெரியல சார்."

"தெரியலன்னா எப்படி? உங்க சொந்த எடையா இருந்தா நான் கேக்கவே மாட்டேன். அது வாரியத்தோட ஏழு கிலோ."

எடைக்காரருக்கு நியாயமாகத்தான் பட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அவருக்கு நியாயமாகத்தான் பட்டுக்கொண்டிருந்தது. நிர்ணய எடையைத் தொலைத்தவர் பணியிலிருந்து நீக்கப்படுவார், வாரியக் குடியிருப்பைப் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும் என்று விதியைப் படித்துக் காட்டினார்கள். அந்தக் குடியிருப்பில்தான் அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து அடுப்பு எரிந்தது, மகள் பிறந்தாள், தவழ்ந்தாள். வேறு வீடு என்று ஒன்றை அவர் நினைத்துப் பார்த்தது கிடையாது. அதைக் கேட்டும் மனசு அசையவில்லை. சரிங்க சார் என்றார்.

விசாரணை முடியும் வரை நீக்கத்தை நிறுத்தி வைத்தார்கள்; எடையை மீட்கிற முயற்சி ஒரு பக்கம் நடந்தது. தினமும் பதினொரு மணிக்கு எடைக்காரரை மூன்று சாட்சிகள் முன்னிலையில் நிற்கவைத்து ஆறு முட்டையும் ஒரு ரொட்டியும் கொடுத்தார்கள். சாப்பிடுமுன் ஒரு எடை, சாப்பிட்டபின் ஒரு எடை. இரண்டுக்கும் நடுவில் அவர் கழிவறைக்குப் போக எழுத்துமூல அனுமதி தேவைப்பட்டது. அனுமதி தரும் அதிகாரி விடுப்பில் இருந்தார். இடுப்பில் ஏழு கிலோ இரும்பைக் கட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். இரும்பும் மூட்டையின் இனத்தைச் சேர்ந்தது என்று அதை நிராகரித்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துத் தராசு அறுபத்தேழரை காட்டியது, சாட்சிகள் மூன்று பேரும் தலைக்கு இரண்டு கிலோ ஏறியிருந்தார்கள்.

விசாரணை அதிகாரி வேறு பக்கமாக வந்தார். இருபது வருடத்தில் பத்தொன்பது வருடத்துக்கு மேல் எடை சரியாகத்தானே இருந்தது, அதை எப்படிக் காப்பாற்றினீர்கள், என்ன முறை என்று விசாரித்தார். எடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். அவருக்கென்று முறை ஒன்றும் இருக்கவில்லை.

"அதையெல்லாம் என் மனைவி பாத்துக்கிட்டா சார்."

எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்றார்கள். அவர் தெரிந்ததைச் சொன்னார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அவள் ஒரு சின்னத் தராசு வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டு வந்ததும் அவரை அதில் நிற்கச் சொல்வாள். கால் கிலோ கூடினால் ஒன்றும் பேச மாட்டாள். செவ்வாய்க்கிழமைக்குள் கரண்டி சுருங்கி, எடை இறங்கிவிடும். குறைந்தால் புதன்கிழமை இனிப்பு வரும். காய்ச்சலில் படுத்தால் எழுந்த நாளிலிருந்து நான்கு நாளில் பழைய எடைக்குக் கொண்டுவந்து விடுவாள். ஒரு கல்யாண வீட்டில் நன்றாக ஒரு பிடி பிடித்துவிட்டு வந்த அன்று, திரும்பி வரும்போது பஸ்ஸை விட்டு இரண்டு நிறுத்தம் முன்னாடியே இறக்கி நடத்திக் கூட்டி வந்தாள். இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, கடையில் சாமான் பட்டியல் சொல்வது போலவே சொன்னார்.

விசாரணை அதிகாரி பேனாவை மூடினார். தண்ணீர் குடித்தார்.

"அவங்களுக்கு நியமன ஆணை இருக்கா?"

"இல்ல சார். வீட்ல இருந்தா."

"அதாவது, பத்தொன்பது வருஷமா இந்த நாட்டோட நிர்ணய எடை, வாரியத்துக்கே தெரியாம, பரீட்சை எழுதாத, பயிற்சி இல்லாத, கையெழுத்துப் போடாத ஒரு வெளியாள் கையில இருந்திருக்கு. அப்படித்தானே?"

எடைக்காரர் யோசித்துப் பார்த்தார். அப்படித்தான். அதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை.

அடுத்த வாரம் குடியிருப்புக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. விலாசத்தில் நிர்ணய எடையாளரின் மனைவி என்று இருந்தது. மகள் அதை வாங்கிப் பிரித்தாள். அனுமதியின்றி வாரியத்தின் நிர்ணய அளவைக் கையாண்டது ஏன், அதன்பின் அதைக் கைவிட்டது ஏன் என்று ஏழு நாளுக்குள் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று எழுதியிருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். முகம் சிவந்து போயிற்று.

"அப்பா, அம்மாவுக்கு மெமோ வந்திருக்கு."

"வெச்சிடும்மா."

"எங்க வைக்கிறது? உங்களுக்குக் கோவமே வரலையாப்பா?"

வரவில்லை. வர வேண்டும் என்று அவருக்கும் தெரிந்தது. மனசுக்குள் கோபம் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் இல்லை. கோபம் வந்திருந்தால் அவரே சந்தோஷப்பட்டிருப்பார்.

மகள் இறப்புச் சான்றிதழின் நகலோடு வாரியத்துக்குப் போனாள். நகலை வாங்கிக்கொண்டார்கள். இறந்த விவரம் வேறு துறை சம்பந்தப்பட்டது, ஆஜராகாதது மட்டும்தான் எங்கள் சம்பந்தப்பட்டது என்று பதில் சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது மெமோ வந்தது. மூன்றாவதை வீட்டு வாசற்கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நின்று படித்தார்கள், படித்துவிட்டுத் தங்கள் வீட்டு அடுப்பைப் பற்றி யாராவது புகார் செய்திருப்பார்களோ என்ற யோசனையோடு திரும்பிப் போனார்கள்.

விசாரணை நாளன்று மேஜைக்கு எதிரில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போடப்பட்டது. ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தார்கள். காவலாளி தாழ்வாரத்தில் நின்று, நிர்ணய எடையாளரின் மனைவி, நிர்ணய எடையாளரின் மனைவி, நிர்ணய எடையாளரின் மனைவி என்று மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டு மனசாட்சிக்காக மாடிப்படி வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, வரலைங்க என்றார். சுவரோரம் நின்றிருந்த எடைக்காரரும் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அது எதற்கென்று அவருக்கே விளங்கவில்லை.

அன்று மத்தியானம் மெக்கானிக் அவரை மேடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மெக்கானிக் நல்ல மனிதர், பயந்த சுபாவம். கையில் இருந்த துணியால் சுத்தமான விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, மேடையில அந்தச் சிவப்புக் கம்பளம் கிடக்கே, அது எப்போ போட்டதுன்னு தெரியுமா?"

எடைக்காரருக்குத் தெரியாது. அவர் விடுப்பிலிருந்து திரும்பியபோதே அது அங்கே இருந்தது.

மெக்கானிக் சொன்னார். மேடை என்பது இரண்டு நீளமான இரும்புப் பாதை. இடச் சக்கரங்கள் ஒன்றில், வலச் சக்கரங்கள் ஒன்றில் நிற்கும். எடைக்காரர் விடுப்பில் இருந்த வாரம், புதுப்பித்திருந்த அந்த மேடைக்குத் திறப்பு விழா நடந்தது. அமைச்சர் நடந்து ஏறுவதற்காக இடப்பாதையில் மட்டும் கம்பளம் போட்டு, அடியில் தடித்த மெத்தைத் துணி கொடுத்து ஆணி அடித்தார்கள். வலப்பாதையில் புகைப்படக்காரர்கள் நின்றதால் அங்கே போடவில்லை. கம்பளம் போடச் சொல்லி ஆணை இருந்தது. எடுக்கச் சொல்லி ஆணை வரவில்லை. எட்டு மாதமாக ஒவ்வொரு காரும் இடப்பக்கம் அரை அங்குலம் உயர்ந்து, வலப்பக்கம் சாய்ந்தபடியே அளக்கப்படுகிறது. சாய்ந்த வண்டியின் சக்கரத்தை இயந்திரம் நிமிர்த்திப் பச்சைத் தாள் கொடுத்துவிடும். வண்டி சமதரையில் இறங்கியதும், நிமிர்த்தின வலது சக்கரம் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு உள்விளிம்பாலேயே ஓடும்.

"முதல் வாரமே சொன்னேண்ணே. மேடை சமமா இருக்குன்னு சர்டிபிகேட் இருக்கு, உன் கண்ணுக்கு இருக்கான்னு கேட்டாங்க. வாயைக் கொடுத்து மாட்டிக்க வேணாம்னு விட்டுட்டேன். அண்ணியைப் போய்க் கூப்பிடுவாங்கன்னு நினைக்கல."

எடைக்காரர் குனிந்து கம்பளத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். உலகம் சாயவில்லை, கார்தான் சாய்ந்திருந்தது. எட்டு மாதமாகத் தன் துக்கம் என்று அவர் மரியாதையாக நினைத்துக்கொண்டிருந்தது ஒரு துண்டுக் கம்பளம். அப்படியானால் தன் துக்கம் எங்கே என்று அவருக்குக் குழப்பமாக இருந்தது.

மறுநாள் தலைவர் அவரைத் தன் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். இருபது வருடத்தில் கார் இருக்கையைத் தவிர வேறெதிலும் அவரை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. மேஜை மேல் தட்டச்சு செய்த தாள் ஒன்றும் மூடி திறந்த பேனாவும் இருந்தன. டயர்கள் தேய்ந்ததற்கு என் மனைவியின் கவனக்குறைவே முழுக் காரணம் என்று தாளில் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் வேலையும் வீடும் அவருக்கே.

"மனுஷனா யோசிச்சுப் பாத்தேன், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு," என்றார் தலைவர். "வாரியம் தப்பு பண்ணியிருக்க முடியாது, தப்பைக் கண்டுபிடிக்கிறதே வாரியம்தான். மெஷினுக்குச் சர்டிபிகேட் இருக்கு. உங்க தப்புன்னு சொன்னா, உங்களை வெச்சிருந்த எங்க தப்புன்னு ஆயிடும். மிச்சம் யார் இருக்கா? அவங்களுக்கு இனிமே பிரமோஷன் நிக்கப் போறதில்ல, வீடு காலி பண்ணச் சொல்ல முடியாது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லாத ஒரே ஆள் அவங்கதான். இப்படி ஒருத்தர் கிடைக்கிறது லேசு இல்ல."

எடைக்காரர் பேனாவை எடுத்தார். எட்டு மாதமாக எத்தனையோ காகிதத்தில் போட்ட கையெழுத்து. அது தானாகவே வரும். முதல் எழுத்தைத் தொடங்கப் போனார், கை நின்றுவிட்டது. கவனக்குறைவு என்ற சொல்லிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. போன அன்றுகூட அவள் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனாள்.

"அந்த வார்த்தை வேணாம் சார்."

"எந்த வார்த்தை?"

"கவனக்குறைவு. அவ அப்படி இருந்ததில்ல."

தலைவர் சிரித்தார். எழுத்துதானே, யார் படிக்கப் போகிறார்கள் என்றார். அசட்டை என்று மாற்றிக்கொள்ளலாம், அலட்சியம் என்று மாற்றிக்கொள்ளலாம், மூன்றில் எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையோடு சொன்னார். எடைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

மேடையில் ஒரு மஞ்சள் கார் நின்றிருந்தது. காலையில்தான் அதற்குப் பச்சைத் தாள் கொடுத்திருந்தார்கள். எடைக்காரர் மெக்கானிக்கிடம் காரை இறக்கச் சொன்னார். பிறகு ஒரு இரும்புக் கம்பியை எடுத்து கம்பளத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பினார். கையில் ரத்தம் வந்தது, வலிக்கவில்லை. கம்பளத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, காரை மறுபடி ஏற்றச் சொல்லி உள்ளே போய் உட்கார்ந்தார். உலகம் நேராக இருந்தது. இயந்திரம் அளந்து முடித்துச் சிவப்புத் தாள் ஒன்றை வெளியே தள்ளியது. வலது முன்சக்கரம் உள்ளே சாய்ந்திருக்கிறது என்று அதில் தெளிவாக இருந்தது. மெக்கானிக் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்குள் தலைவரும் விசாரணை அதிகாரியும் வந்து சேர்ந்தார்கள்.

எடைக்காரர் சிவப்புத் தாளை வாங்கி அவர்களிடம் நீட்டினார். இதுதான் காரணம், கம்பளத்தோடு அளந்ததால்தான் இந்தக் கோணல், அவள் மேல் தவறே இல்லை என்று ஒரு மூச்சில் சொன்னார். இருபது வருடத்தில் அவர் வாரியத்தில் பேசிய மிக நீளமான பேச்சு அது.

விசாரணை அதிகாரி ஒரு கையில் காலையில் வந்த பச்சைத் தாளையும் மறு கையில் சிவப்புத் தாளையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

"கம்பளம் இருந்தப்போ பச்சை. நீங்க பிடுங்கினதும் சிவப்பு," என்றார் நிதானமாக. "அப்போ வண்டியைக் கெடுத்தது யாரு?"

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் அவர் பக்கம் திரும்பினார், அவர் மென்று விழுங்கிவிட்டார். வாரியச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக எடைக்காரர் அன்று சாயங்காலமே பணியிலிருந்து நீக்கப்பட்டார். கம்பளத்தைத் திரும்ப விரிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஆனால் கம்பளம் விரிக்க வேண்டுமானால் திறப்பு விழா நடக்க வேண்டும், திறந்த மேடையை மறுபடி திறக்க முடியாது என்று அந்த யோசனையைக் கைவிட்டார்கள். காலியான பதவிக்கு ஆள் கிடைக்கும் வரை தற்காலிகமாக எழுபத்தைந்து கிலோ மணல் மூட்டை ஒன்று நியமிக்கப்பட்டது.

அப்பாவும் மகளும் தையல்கடைக்கு மேலே ஒரே அறையுள்ள வீட்டுக்குக் குடிபோனார்கள். சாமான் கட்டும்போது சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த சின்னத் தராசை மகள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். மெக்கானிக் வந்து அலமாரியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். புது வீட்டில் கீழே நாள் முழுக்கத் தையல் இயந்திரம் ஓடியது. எடைக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். மகள் முன்னால் வைத்ததைச் சாப்பிட்டார், சாப்பிட்டது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மூட்டை பொறுப்பேற்ற ஆறு மாதத்தில் நாற்பத்தொரு கார்களும் மறுபடி மேடையேறி, வெறும் இரும்பில் அளக்கப்பட்டு, திருத்தப்பட்டு இறங்கின. வலது முன் டயர் தேய்வது நின்றுவிட்டது. மூட்டைக்கு அந்த வருடத்தின் சிறந்த ஊழியர் பாராட்டுப் பத்திரம் வழங்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொண்டு மூட்டை எதுவும் பேசவில்லை என்றும், அந்த அடக்கம் தன்னைக் கவர்ந்தது என்றும் தலைவர் விழாவில் குறிப்பிட்டார். எடைக்காரரை நீக்கியதும் தேய்மானம் நின்றதிலிருந்தே குற்றம் யாருடையது என்பது விளங்கிவிட்டதாக விசாரணை அதிகாரி இறுதி அறிக்கையில் எழுதினார்.

அறிக்கையின் நகல் ஒரு சனிக்கிழமை தையல்கடை விலாசத்துக்கு வந்தது. இரண்டு பேருக்குத் தனித்தனியாக இரண்டு நகல். ஒன்று அவருக்கு, ஒன்று அவர் மனைவிக்கு. அவருடையதை மகள் பிரிக்கவேயில்லை. அம்மாவுடையதைக் கிழித்துப் போடத்தான் எடுத்தாள், பிறகு என்னதான் எழுதியிருக்கிறான்கள் பார்க்கலாம் என்று பிரித்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். குழு, விதி, உட்பிரிவு எல்லாம் தாண்டிக் கடைசிப் பத்திக்கு வந்தாள்.

"மேற்படி பெண்மணி, எவ்வித நியமனமும் ஊதியமும் விடுப்பும் இல்லாமல், பத்தொன்பது வருடங்கள் நான்கு மாதங்கள், ஒரு நாளும் பிசகாமல் நிர்ணய அளவைக் காத்துவந்துவிட்டு, எவ்வித முன்னறிவிப்பும் இன்றி நின்றுவிட்டார் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகிறது."

எடைக்காரர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"அதை இன்னொரு தடவை படி."

மகள் அவரைப் பார்த்தாள். இரண்டாவது தடவை மெதுவாகப் படித்தாள்.

"ஆமாம்மா," என்றார். "ஒரு வார்த்தை சொல்லாமத்தான் போயிட்டா."

அப்புறம் அவருக்கு அழுகை வந்தது. தோள் குலுங்கி, மூச்சு திணறி, சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி வாய்விட்டு அழுதார். கீழே தையல் இயந்திரம் நின்றது. மகள் அவரைத் தடுக்கவில்லை, தண்ணீர் கொண்டுவரக்கூட எழுந்து போகவில்லை. தாளைக் கையில் வைத்தபடியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், படித்தாள்.